பழவேற்காட்டுத் துணி சொல்லும் பருத்திக் கணக்கு

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். மலாய் மொழியில் 'காயின்' என்றால் துணி. 'பெலிக்காட்' என்பது வேறு எந்த ஊரும் அல்ல. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் இருக்கும் பழவேற்காடுதான். கடல் கடந்து போன துணி, ஊரின் பெயரையும் கூடவே கொண்டுபோயிருக்கிறது.

இன்று பழவேற்காடு என்றதும் ஏரியும் மீனும் இறாலும்தான் நினைவுக்கு வரும். பழைய டச்சுக் கல்லறைகளைப் பார்க்கச் சிலர் வந்துபோகிறார்கள். உலகமே தேடி வந்து வாங்கிய துணி, அதை நெய்த மக்களுக்கு ஏன் நிலைக்கவில்லை? இந்தக் கேள்விக்கான பதில், இன்று பருத்தி போடும் விவசாயிக்கும் தறி ஓட்டும் குடும்பத்துக்கும் நேரடியாகப் பயன்படக்கூடியது.

மிளகுக்கு விலை துணி

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1610-ம் ஆண்டு காலூன்றினார்கள். 1613-ல் அங்கே கெல்டிரியா கோட்டை எழுந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்தது இந்தோனேசியத் தீவுகளில். ஆனால், அந்தத் தீவு மக்கள் வெள்ளிக்காசைவிட நம் பகுதிப் பருத்தித் துணியைத்தான் விரும்பிக் கேட்டார்கள். அதனால் இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருள்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தத் துணியின் சிவப்பு, கடலோர மணல் நிலங்களில் வளரும் இம்பூறல் என்ற சாயவேரிலிருந்து வந்தது. நீலம் அவுரியிலிருந்து வந்தது. பருத்தி விளைவித்தவர், கொட்டை எடுத்தவர், ராட்டையில் நூற்ற பெண்கள், சாயவேர் தோண்டியவர், தறியில் உட்கார்ந்தவர் என ஒரு துணிக்குப் பின்னால் பல கிராமத்துக் குடும்பங்கள் இருந்தன. ஆங்கிலேயர்கள் 1639-ல் சென்னையில் இடம் பிடித்ததற்கும் இந்தத் துணி வியாபாரமே முக்கியக் காரணம்.

கழுத்தில் விழுந்த முன்பணம்

கம்பெனிக்காரர்கள் நெசவாளியிடம் நேராகப் போய்த் துணி வாங்கவில்லை. பெரிய வியாபாரிகளிடம் முன்பணம் கொடுத்தார்கள். அவர்கள் இடைத்தரகர்கள் வழியாக நெசவாளிகளுக்குக் கொடுத்தார்கள். முன்பணம் வாங்கியவர், நெய்த துணியை அந்த வியாபாரிக்கே கொடுக்க வேண்டும். நடுவில் பஞ்சு விலை ஏறினாலும் அரிசி விலை ஏறினாலும் அது நெசவாளியின் தலையில்தான் விடிந்தது.

ஆனாலும் பல காலம் நெசவாளிக்கு ஒரு பலம் இருந்தது. டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டேனிஷ்காரர், உள்ளூர் வணிகர் என வாங்குவதற்குப் பல பேர் போட்டி போட்டார்கள். ஒருவர் கொடுக்கும் விலை கட்டுப்படியாகாவிட்டால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு நெய்யலாம். ஊரையே மாற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு.

18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயக் கம்பெனி ஆட்சியையும் கையில் எடுத்துக்கொண்டது. வாங்குபவரும் அவரே, ஆள்பவரும் அவரே என்றானதும் பேரம் பேச இடமில்லாமல் போனது. அடுத்து, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் எந்திரம் நூற்ற மலிவான நூலும் துணியும் கப்பல் கப்பலாக இறங்கின. வீட்டில் ராட்டை சுற்றிய பெண்களின் வருமானம்தான் முதலில் நின்றது. தறிகள் பின்னால் விழுந்தன. பழவேற்காட்டையும் 1825-ல் டச்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தார்கள்.

எந்திரம் வந்தது மட்டுமே அந்த வீழ்ச்சிக்குக் காரணமில்லை. முன்பணம் ஒருவர் கையில், சந்தையும் அதே ஒருவர் கையில் என்ற நிலை அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

ஆலைகள் வந்தன

இந்தியர்களின் கையில் நவீனப் பருத்தி ஆலைத் தொழில் 1854-ல் பம்பாயில் தொடங்கப்பட்ட ஆலையோடு வேர்விட்டது. சென்னை பெரம்பூரில் 1876-ல் பக்கிங்ஹாம் ஆலையும், சில ஆண்டுகளில் கர்னாட்டிக் ஆலையும் வந்தன. 'பின்னி மில்' என்று ஊரே அழைத்தது இவற்றைத்தான். கோயம்புத்தூரில் 1888-ல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையைச் சுற்றி ஆலைகள் வரிசையாக எழுந்தன. அந்தப் பகுதியின் கரிசல் மண்ணும் கம்போடியா ரகப் பருத்தியும் அந்த ஆலைகளுக்குத் தீனி போட்டன.

இந்திய ஆலைகள் வளர்வதை லங்காஷயர் முதலாளிகள் விரும்பவில்லை. அவர்களின் நெருக்குதலால், 1896-ல் இந்திய ஆலைத் துணி மீது ஆங்கில அரசு 3.5 சதவிகித உற்பத்தி வரி போட்டது. சொந்த நாட்டில் நெய்த துணிக்குச் சொந்த நாட்டிலேயே வரி! சுதேசி இயக்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. அந்த வரி 1925-ல்தான் விலகியது.

மூன்று ஆண்டுகள், மூன்று கதவுகள்

பருத்தித் தொழில் வளர்ந்த அதே காலத்தில், அதில் உழைத்தவர்களும் ஒன்றுசேரக் கற்றுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் இதற்கு மூன்று ஆண்டுகளைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

1918: பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக பி.பி.வாடியா, செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு ஆகியோர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றாக அது பேசப்படுகிறது.

1935: கைத்தறி நெசவாளர்களுக்கான மாகாணக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதுதான் இன்றைய கோ-ஆப்டெக்ஸ். நூல் கொடுத்துத் துணியை எடுத்துக்கொள்ளும் வியாபாரியைத் தவிர இன்னொரு வழி நெசவாளிக்குக் கிடைத்தது.

1936: 1933-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாநிலத்தின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திருப்பூரில் அமைந்தது. அது பருத்திக்காக அமைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கமிஷன் மண்டியில் எடையிலும் கழிவிலும் இழந்துகொண்டிருந்த பருத்தி விவசாயிக்காகத்தான் அந்தக் கதவு முதலில் திறந்தது.

பழவேற்காட்டு நெசவாளிக்கு இல்லாமல் போனது இந்தக் கதவுகள்தான்.

பஞ்சு இல்லாத நாடு

1947-ல் நாடு பிரிந்தபோது ஆலைகளில் பெரும்பாலானவை இந்தியாவில் நின்றன. நல்ல நீளமான இழை விளைந்த மேற்குப் பஞ்சாப், சிந்து பாசன நிலங்கள் பாகிஸ்தானுக்குப் போயின. ஆலை இருந்தும் பஞ்சு போதவில்லை. 1950-51-ல் இந்தியாவின் பருத்தி விளைச்சல் சுமார் 30 லட்சம் பேல்தான். ஒரு பேல் என்பது 170 கிலோ பஞ்சு.

அந்தக் குறையைத் தீர்த்தது விவசாயிகளும் பருத்தி விஞ்ஞானிகளும். கோவையிலிருந்து 1968-ல் எம்.சி.யு.5 ரகம் வந்தது. 1970-ல் குஜராத்தின் சூரத் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து உலகின் முதல் வணிக வீரிய ஒட்டுப் பருத்தியான ஹெச்-4 வந்தது. 1974-ல் கோவையிலிருந்து மிக நீண்ட இழை கொண்ட சுவின் வந்தது. அதே 1970-ல் இந்தியப் பருத்திக் கழகம் (சி.சி.ஐ.) தொடங்கப்பட்டது. 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. 2013-14-ல் விளைச்சல் 398 லட்சம் பேலைத் தொட்டது. பஞ்சுக்குக் கையேந்திய நாடு, ஏற்றுமதி செய்யும் நாடானது.

அதன்பிறகு சரிவு. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. ரகங்களையும் துளைக்கத் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் விளைச்சல் 300 லட்சம் பேலை ஒட்டியே நிற்கிறது. பருத்திப் பரப்பில் உலகிலேயே முன்னணியில் இருந்தும், நமக்கு எக்டருக்குச் சராசரியாகக் கிடைக்கும் பஞ்சு 450 கிலோ அளவுதான். பிரேசில், சீனா நாட்டு விவசாயிகள் அதைப்போலப் பல மடங்கு எடுக்கிறார்கள். இதை மாற்றுவதற்காக 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஐந்து ஆண்டுப் பருத்தி உற்பத்தித்திறன் இயக்கம் அறிவிக்கப்பட்டது.

எத்தனை வீடுகளின் அடுப்பு?

விவசாயத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது ஜவுளித் தொழில்தான். நேரடியாகவே சுமார் 4.5 கோடிப் பேர் அதில் பிழைக்கிறார்கள். பருத்தி விவசாயிகள் மட்டும் 60 லட்சம் பேர்.

தமிழ்நாட்டின் நிலைமை சற்று வினோதமானது. நாட்டின் நூற்புத் திறனில் ஏறத்தாழ பாதி இங்கே இருக்கிறது. நம் ஆலைகளுக்கு ஆண்டுக்கு நூறு லட்சம் பேலுக்குமேல் பஞ்சு வேண்டும். பெரம்பலூர், விருதுநகர், தூத்துக்குடி, சேலம் மாவட்டங்களின் மானாவாரிப் பருத்தி, டெல்டாவின் கோடைப் பருத்தி எல்லாம் சேர்த்தாலும் இங்கே விளைவது சில லட்சம் பேல்தான். மற்றதெல்லாம் குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானா, வெளிநாடு என்று வந்து சேருகிறது. வாசலிலேயே வாங்குபவர் இருந்தும் பருத்திப் பரப்பு ஏன் பெருகவில்லை? எடுப்புக்கூலியும் நிலையில்லாத விலையும்தான் பெரும்பாலான விவசாயிகள் சொல்லும் காரணங்கள்.

பள்ளிப்பட்டுத் தறியும் கம்பெனிப் பேருந்தும்

திருவள்ளூர் மாவட்டத்தில் நெல், வேர்க்கடலை, கரும்பு, மா, பூ என்று வெள்ளாமை நடக்கிறது, பருத்தி பெயருக்குத்தான். ஆனால், பருத்தியை நம்பிய வீடுகள் நிறைய உண்டு. மாவட்டத்தின் மேற்கே பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பகுதிகளில் தறிச்சத்தம் இன்னும் கேட்கிறது. அங்கே நெய்யப்படும் முக்கியமான துணிகளில் லுங்கியும் ஒன்று. பழவேற்காட்டுக் கைலியின் தொடர்ச்சி கடற்கரையில் நிற்காமல், மலையடிவாரத்தில் விசைத்தறியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தறிகாரர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடை நூலும் ஜவுளி முதலாளி கொடுப்பார். நெய்த துணியை அவரே எடுத்துக்கொள்வார். தறி சொந்தம், உழைப்பு சொந்தம். நூலும் சந்தையும் சொந்தமில்லை. பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் இருந்துவிட்டால், கூலி உயர்வு கேட்க வாய் வராது. நானூறு ஆண்டுக்கு முந்தைய கணக்குதான் இதுவும்.

அரசின் கை இங்கே கொஞ்சம் தாங்குகிறது. 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய இலவச வேட்டி, சேலைத் திட்டம் கூட்டுறவுச் சங்கத் தறிகளுக்கு ஆண்டுதோறும் வேலை கொடுக்கிறது. 2023-ல் இலவச மின்சாரம் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாகவும், கைத்தறிக்கு 200-லிருந்து 300 யூனிட்டாகவும் உயர்ந்தது.

ஆனாலும் தறி வீட்டுப் பிள்ளைகள் பலர் காலையில் கம்பெனிப் பேருந்தைத்தான் பிடிக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருப்பது இரும்பு உருக்கும் ரசாயனமும் வாகன உதிரிபாகமும்தான். பஞ்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால், மாதம் பிறந்தால் சம்பளம் என்ற ஒன்று அங்கே இருக்கிறது. நிலத்தை விட்டுப் போகும் விவசாயி வீட்டுப் பிள்ளையும் இதே கணக்கைத்தான் போடுகிறார். கூலி உறுதியில்லாத தறியும், விலை உறுதியில்லாத வயலும் அடுத்த தலைமுறையைப் பிடித்து வைக்க முடியாது.

கண்டி விலையைக் குவிண்டாலாக்கும் கணக்கு

செய்தித்தாளில் பஞ்சு விலை 'கண்டி'யில் வரும். ஒரு கண்டி என்பது 355.62 கிலோ பஞ்சு. விவசாயி விற்பதோ கொட்டையோடு கூடிய பருத்தி, அதுவும் குவிண்டாலில். இரண்டையும் இணைக்கத் தெரிந்தால், ஏலத்தில் கேட்கும் விலை சரியா என்று தானே முடிவு செய்யலாம்.

ஓர் உதாரணம். ஒரு கண்டி 55,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 355.62-ல் வகுத்தால் ஒரு கிலோ பஞ்சு சுமார் 154.66 ரூபாய். ஒரு குவிண்டால் பருத்தியில் 34 கிலோ பஞ்சு கிடைக்கும் என்றால், அதன் மதிப்பு சுமார் 5,258 ரூபாய். 2 கிலோ கழிவு போக, 64 கிலோ பருத்திக்கொட்டை மிஞ்சும். கிலோ 35 ரூபாய் என்றால் 2,240 ரூபாய். இரண்டும் சேர்ந்து 7,498 ரூபாய். இதில் அரவைக்கூலி, வண்டி வாடகை, வியாபாரியின் லாபம் கழிந்து மிஞ்சுவதுதான் நியாயமான விலை.

பஞ்சு 34 கிலோவுக்குப் பதிலாக 36 கிலோ தரும் ரகம் என்றால், அதே குவிண்டாலின் மதிப்பு சுமார் 7,738 ரூபாய். 240 ரூபாய் வித்தியாசம். அதனால் விதை வாங்கும்போதே 'ஏக்கருக்கு எத்தனை குவிண்டால்' என்பதோடு 'பஞ்சு எத்தனை சதவிகிதம்' என்றும் கேட்க வேண்டும்.

விலை ஏன் இப்படி ஆடுகிறது?

2022 மே மாதத்தில் கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அடுத்த ஆண்டே 60,000 ரூபாயை ஒட்டி இறங்கியது. உலகச் சந்தை ஒரு காரணம். இறக்குமதி வரி இன்னொன்று.

வெளிநாட்டுப் பஞ்சுக்கு 2021 பிப்ரவரியில் மத்திய அரசு 11 சதவிகித வரி போட்டது. விலை எகிறியதும் 2022 ஏப்ரலில் சில மாதங்களுக்கு விலக்கியது. 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை மீண்டும் விலக்கு கொடுத்தது. அதே ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவிகித வரி போட்டதால், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் மூச்சுத் திணறினார்கள். மலிவான பஞ்சு கிடைத்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்பது ஆலைகளின் தரப்பு. புதுப் பருத்தி சந்தைக்கு வரும் நேரத்தில் வரியை நீக்கினால் விலை எப்படி நிற்கும் என்பது விவசாயிகளின் தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. வேலை கொடுக்கும் ஆலை மூடினால் பருத்திக்கு வாங்குபவர் இல்லை. விவசாயி பருத்தியை விட்டால் ஆலை வெளிநாட்டை நம்ப வேண்டும்.

இந்த இழுபறியில் விவசாயிக்கு இருக்கும் தடுப்புச்சுவர் குறைந்தபட்ச ஆதரவு விலை. 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைக்குக் குவிண்டால் 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். சந்தை விலை அதற்குக் கீழே இருந்ததால், முந்தைய 2024-25 பருவத்திலேயே இந்தியப் பருத்திக் கழகம் சுமார் 100 லட்சம் பேல் அளவுக்கு வாங்க வேண்டி வந்தது.

விற்கும் முன் செய்ய வேண்டியவை

விதைப்புக்கான பணத்தை, பருத்தி வாங்கப்போகும் வியாபாரியிடம் வாங்காமலிருப்பதுதான் முதல் வேலை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, கெடு தேதிக்குள் கட்டிவிட்டால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. சிட்டா, அடங்கல், ஆதார் எல்லாவற்றையும் பருவத்துக்கு முன்பே தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பலர் வாங்க வரும் இடத்தில் விற்க வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலம் நடக்கிறது. ஒரு வியாபாரி எழுதிப்போடும் விலை இன்னொருவருக்குத் தெரியாது. கேட்ட விலை பிடிக்காவிட்டால் அன்று கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கிடங்கு வசதியுள்ள கூடங்களில் விளைபொருளை வைத்து, மதிப்பில் 75 சதவிகிதம் வரை பொருளீட்டுக் கடன் பெறும் திட்டம் இருக்கிறது. பருத்திக்கு அந்த வசதி உண்டா என்று உங்கள் பகுதிக் கூடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இந்தியப் பருத்திக் கழகத்துக்கு விற்க நினைப்பவர்கள் 'கபாஸ் கிசான்' செயலியில் பதிவுசெய்து, நாள் குறித்துக்கொள்ள வேண்டும். ஈரப்பதம் 8 சதவிகிதம் என்றால் முழு விலை. அதற்குமேல் ஒவ்வொரு சதவிகிதத்துக்கும் விலை குறையும். 12 சதவிகிதத்தைத் தாண்டினால் வாங்கமாட்டார்கள்.

நான்காவது, எடுப்பில் கவனம். பனி காய்ந்த பிறகு, நன்றாக வெடித்த காய்களில் மட்டும் எடுக்க வேண்டும். எடுப்பவர்கள் தலையில் துணி கட்டிக்கொள்வது, முடி கலக்காமல் தடுக்கும். உரச்சாக்கில் அடைக்கவே கூடாது. அந்தச் சாக்கின் பிளாஸ்டிக் இழை பஞ்சோடு கலந்துவிட்டால் நூற்பாலையில் பிரிக்க முடியாது. சாயம் போட்ட துணியில் வெள்ளைக் கோடாக நிற்கும். பருத்தித் துணிப்பையே சிறந்தது. கறைப் பருத்தியையும் கொட்டுப் பருத்தியையும் நல்லதோடு கலக்காமல் தனியாக விற்றால், நல்ல பருத்தியின் விலை கெடாது.

ஐந்தாவது, ஏலத்துக்குப் போகும் நாளில் அன்றைய கண்டி விலையையும் பருத்திக்கொட்டை விலையையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு போக வேண்டும். மேலே சொன்ன கணக்கைப் போடப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை போதும். வியாபாரி சொல்லும் விலைக்கும் தாளில் இருக்கும் விலைக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்த பிறகு கொடுப்பதா, திருப்பிக் கொண்டுபோவதா என்பதை விவசாயியே முடிவு செய்யலாம்.